ஆளுமைக் கோளாறுகளுக்கான பொதுநிலை உளச்சிகிச்சையும் சிறப்பு உளச்சிகிச்சையும்

ஆளுமைக் கோளாறுகளுக்கு வழங்கப்படும் உளச்சிகிச்சைகளைப் பொதுநிலை உளச்சிகிச்சை, சிறப்பு உளச்சிகிச்சை என இரண்டாகப் பிரிக்கலாம். குறிப்பிட்ட கோட்பாட்டின் அடிப்படையில் இக்கோளாறுகளுக்கென உருவாக்கப்பட்டு, நீண்ட பயிற்சி பெற்றவர்களால் அளிக்கப்படுவது சிறப்பு உளச்சிகிச்சை. மனநல மருத்துவர், உளவியலாளர், மனநலச் செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோர் குறுகிய காலப் பயிற்சி பெற்று, வரையறுத்த நடைமுறையைப் பின்பற்றி அளிப்பது பொதுநிலை உளச்சிகிச்சை. இவற்றில் எது நல்லது என்பது மருத்துவ உலகின் கேள்வி. வல்லுநர்கள் குறைவாக உள்ள ஊர்களில் இதுவே ஒருவருக்குச் சிகிச்சை கிடைக்குமா, கிடைக்காதா என்ற கேள்வியாக மாறுகிறது.

ஆளுமைக் கோளாறு

தன்னைப் பற்றிய எண்ணத்திலும் பிறருடன் பழகும் முறையிலும் நீண்ட காலமாகத் தொடரும் சிக்கல், வாழ்க்கையைக் கடுமையாகப் பாதிக்கும்போது அது ஆளுமைக் கோளாறு எனப்படுகிறது. பெரும்பாலும் வளரிளம் பருவத்திலோ இளமையின் தொடக்கத்திலோ வெளிப்படுகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, இதனை இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது எனத் தீவிரத்தின்படி பிரிக்கிறது.

இவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது எல்லைநிலை ஆளுமைக் கோளாறு. கைவிடப்படுவோமோ என்ற அச்சம், நிலையற்ற உறவுகள், சட்டென மாறும் உணர்ச்சிகள், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், தற்கொலை முயற்சி ஆகியவை இதன் அறிகுறிகள். "பிடிவாதம்", "நடிப்பு" என்று வீட்டாரும் சுற்றத்தாரும் ஒதுக்கிவிடும் நடத்தைக்குப் பின்னால் இந்த வேதனை இருக்கக்கூடும். இதற்கு முதன்மைச் சிகிச்சை உளச்சிகிச்சையே. இக்கோளாற்றைக் குணப்படுத்தும் தனி மருந்து இல்லை.

இது தீராத நோய் என்ற கருத்து தவறானது. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி சானரினி நடத்திய நீண்ட கால ஆய்வில், பத்து ஆண்டுகளில் 93 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் குறைந்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் அந்நிலை நீடித்தது. எனினும் வேலையிலும் உறவுகளிலும் முழுமையாக மீண்டவர்கள் ஏறத்தாழ பாதிப்பேரே.

சிறப்பு உளச்சிகிச்சைகள்

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைன்ஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை (டி.பி.டி.) இவற்றுள் புகழ்பெற்றது. இதன் முதல் ஒப்பீட்டு ஆய்வு 1991இல் வெளியானது. வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு குழுப் பயிற்சி, நெருக்கடியில் தொலைபேசி வழிகாட்டல், சிகிச்சையாளர்களுக்கான கலந்தாய்வுக் குழு என நான்கு கூறுகள் இதில் உண்டு. வழக்கமாக ஓராண்டு நடைபெறும். இளமையில் தாமும் இத்தகைய துன்பத்துடன் மருத்துவமனையில் இருந்ததை லைன்ஹன் 2011இல் வெளிப்படையாகக் கூறினார்.

ஆன்டனி பேட்மன், பீட்டர் ஃபோனகி ஆகியோர் லண்டனில் உருவாக்கியது மனநிலைப் புரிதல் சிகிச்சை (எம்.பி.டி.). தன் மனத்திலும் பிறர் மனத்திலும் என்ன நடக்கிறது என்பதை நின்று யோசிக்கும் திறனை இது வளர்க்கிறது. ஸ்கீமா சிகிச்சையும் இடமாற்ற உணர்வை மையமாகக் கொண்ட சிகிச்சையும் இவ்வகையைச் சேர்ந்த பிற முறைகள்.

பொதுநிலை உளச்சிகிச்சைகள்

அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் கண்டர்சன் வடிவமைத்த பொது மனநல மேலாண்மை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் படிகள் எளிமையானவை:

• நோயறிதலை மறைக்காமல் நோயாளியிடம் கூறி விளக்குதல்
• குடும்பத்தினருக்கு நோயைப் பற்றிக் கற்பித்தல்
• வாரம் ஒருமுறை அளவில் சந்தித்து, அன்றாட நிகழ்ச்சிக்கும் உணர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பேசுதல்
• படிப்பு, வேலை போன்ற வாழ்க்கை இலக்குகளை வலியுறுத்துதல்
• நெருக்கடியில் என்ன செய்வது என முன்கூட்டியே திட்டமிடுதல்
• மருந்துகளை அளவோடு பயன்படுத்துதல்

ஒப்பீட்டு ஆய்வுகள்

கனடாவின் டொராண்டோவில் ஷெல்லி மெக்மெயின் குழுவினர் 180 பேரிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு டி.பி.டி.யும் மற்றவர்களுக்குப் பொது மனநல மேலாண்மையும் ஓராண்டு அளிக்கப்பட்டன. இரு பிரிவினரிடமும் தற்கொலை முயற்சிகளும் தன்காயங்களும் குறைந்தன. பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் கடந்தும் முன்னேற்றம் நீடித்தது.

அதே ஆண்டு பேட்மனும் ஃபோனகியும் 134 பேரிடம் எம்.பி.டி.யையும், கட்டமைக்கப்பட்ட மருத்துவ மேலாண்மை என்ற பொதுநிலை முறையையும் 18 மாதங்கள் ஒப்பிட்ட முடிவு வெளியானது. இரண்டிலும் நல்ல பயன் கிடைத்தது. ஆனால் தற்கொலை முயற்சிகளும் மருத்துவமனைச் சேர்க்கையும் எம்.பி.டி. பிரிவில் இன்னும் வேகமாகக் குறைந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமைக் கோளாறுகள் சேர்ந்திருந்த கடுமையான நோயாளிகளுக்குச் சிறப்புச் சிகிச்சையே கூடுதல் பயன் தந்தது எனப் பின்னர் செய்த பகுப்பாய்வு காட்டியது.

எனவே பலருக்குப் பொதுநிலைச் சிகிச்சை போதுமானது. சிக்கல் கூடும்போது சிறப்புச் சிகிச்சையின் தேவையும் கூடுகிறது. இங்கு ஒரு குழப்பம் நேரக்கூடும். பொதுநிலைச் சிகிச்சை என்பது மருந்துச் சீட்டு எழுதி அனுப்பிவிடும் வழக்கமான சிகிச்சை அன்று. மேற்கண்ட ஆய்வுகளில் பொதுநிலைச் சிகிச்சை அளித்தவர்களுக்கும் பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன. நோயாளியை ஒரே சிகிச்சையாளர் தொடர்ந்து பார்த்தார். பயன் தந்தது இந்த ஒழுங்கு.

தமிழ்நாட்டுச் சூழல்

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. அவற்றுள் கேரளத்தைத் தவிர எந்த மாநிலத்திலும் ஓர் இலட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் கூட இல்லை. சிறப்பு உளச்சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள் இவர்களைவிடவும் குறைவு. அவர்களும் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளனர்.

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். அங்கேயே டி.பி.டி. கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், தனிச் சந்திப்பும் குழுப் பயிற்சியும் வெவ்வேறு நாள்களில் நடந்தால் ஆண்டுக்கு நூறு முறைக்கு மேல் சென்றுவர வேண்டும். உடன் செல்பவரும் தினக்கூலிக்காரராக இருந்தால் இருவரின் வருமானமும் அந்நாள்களில் போய்விடும். பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே ஒழுங்கான பொதுநிலைச் சிகிச்சை கிடைப்பது இத்தகைய குடும்பத்துக்கு நடைமுறையில் பெரிய வேறுபாடாகும். 1996இல் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டம் இதற்கு ஏற்ற அடித்தளம்.

எளிய, தொடர்ச்சியான கவனிப்பின் வலிமைக்குச் சென்னையிலேயே சான்று உண்டு. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் உலக சுகாதார அமைப்பு நடத்திய ஆய்வில் சென்னையும் கொழும்பும் இடம்பெற்றன. ஐந்து இடங்களிலும் சேர்த்து 1,867 பேர் பங்கேற்றனர். வழக்கமான சிகிச்சையுடன் ஒரு மணி நேர விளக்கமும், 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பும் ஒரு பிரிவினருக்கு அளிக்கப்பட்டன. 2008இல் வெளியான முடிவின்படி, அப்பிரிவில் பின்னர் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 விழுக்காடு; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் 2.2 விழுக்காடு. இது ஆளுமைக் கோளாறு குறித்த ஆய்வு அன்று. எனினும் தொடர்பு அறுபடாமல் இருப்பதே உயிர் காக்கும் என்பதை இது காட்டுகிறது.

படிநிலைச் சிகிச்சை

வல்லுநர் குறைவான இடங்களில் படிநிலை முறை பொருத்தமானது. முதலில் உள்ளூரில் பொதுநிலைச் சிகிச்சையைத் தொடங்கலாம். சில மாதங்களில் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ, உயிருக்கு ஆபத்தான செயல்கள் தொடர்ந்தாலோ சிறப்புச் சிகிச்சைக்கு அனுப்பலாம். அனுப்பிய பின்னும் உள்ளூர்த் தொடர்பைக் கைவிடக் கூடாது.

உதவி பெறுதல்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் பிரிவு 18 அரசு மனநலச் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார் எனப் பிரிவு 115 கூறுவதால், வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லத் தயங்க வேண்டியதில்லை. டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, எந்நேரமும் தமிழில் அழைக்கலாம். மருத்துவரைச் சந்திக்கும்போது "அடுத்த முறையும் உங்களையே பார்க்கலாமா? நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்பது, கிடைக்கும் சிகிச்சை ஒழுங்கானதா என அறிய உதவும்.