தராசும் சமன்பாடும்

அட்சரகணிதம் கற்கத் தொடங்கும் மாணாக்கர் பலர் முதலில் இடறுவது எளிய சமன்பாட்டிலேயாகும். எண்கணிதத்தில் வல்லவரெனப் பெயர் பெற்றோரும் எண்களுக்கிடையே ஓர் எழுத்து வந்து நின்றதும் மயங்குகின்றனர். இம்மயக்கத்துக்கு எழுத்தே காரணமென்பர் சிலர். ஊன்றி நோக்கின், அதன் வேர் சமக்குறியிலே தங்கியிருத்தல் புலனாகும்.

கீழ்வகுப்புகளில் 7 + 5 = எனக் கண்டவுடன் பிள்ளை 12 என எழுதுகின்றது. பல்லாண்டு இவ்வாறு பழகியமையால், சமக்குறி ‘விடையை எழுதுக’ என்னும் கட்டளையாகவே அதன் மனத்திற் பதிகின்றது. 8 + 4 = □ + 5 என வினவின், 7 என்னாது 12 என விடையிறுப்போர் பலராவர். இக்குறியை 1557 இல் அச்சேற்றிய றொபேட் றெக்கோட், ஒரே நீளமான இரு சமாந்தரக் கோடுகளைவிடச் சமமானவை பிறிதில்லை என்று கருதியே அவற்றைத் தெரிந்தெடுத்தார். அச்சமத்துவக் கருத்தை மாணாக்கர் கையாற் பற்றும்படி செய்தலே ஆசிரியரின் முதற் பணியாகும்.

‘பக்கம் மாறினாற் குறி மாறும்’ என்னும் விதி விடையைத் தரும், காரணத்தைத் தராது. காரணமறியாது பெற்ற விதி மறந்தவிடத்து மாணாக்கனிடம் எஞ்சுவது, தனக்குக் கணிதம் வராது என்ற முடிவொன்றே. அம்முடிவு பாடசாலையை விட்டபின்னும் அவனைத் தொடர்வதுண்டு.

இதனைத் தவிர்க்க ஒரு தராசு போதும். ஆய்வுகூடத் தராசு இல்லாவிடத்து அடிமட்டமொன்றின் நடுவில் நூல் கட்டித் தூக்கி, இரு முனைகளிலும் தகரமூடிகளைத் தொங்கவிடலாம். ஒரே அளவான போளைகளும் சிறு கடதாசிப் பெட்டிகளும் வேண்டும். ஒவ்வொரு பெட்டியினுள்ளும் ஆசிரியர் மும்மூன்று போளைகளை இட்டு மூடிவிடுக. இடத்தட்டில் மூன்று பெட்டிகளும் நான்கு போளைகளும், வலத்தட்டில் ஒரு பெட்டியும் பத்துப் போளைகளும் வைக்கப்படும். வெறும் பெட்டிக்கும் நிறை உண்டாதலால், வலத்தட்டில் இரு வெறும் பெட்டிகளையுஞ் சேர்த்தல் வேண்டும். தராசு சமநிற்கும்.

இனி வினா, ஒரு பெட்டியுள் எத்தனை போளைகள் என்பதே. மாணாக்கன் ஒரு தட்டில் மட்டும் கை வைத்தால் தராசு உடனே சாய்ந்து பிழையை உணர்த்தும். இருபுறமும் ஒவ்வொரு மூடிய பெட்டியை எடுக்கின்றான். பின் நான்கு நான்கு போளைகளை எடுக்கின்றான். இரு பெட்டிகளுக்கு எதிரே ஆறு போளைகள் எஞ்சுகின்றன. ஆகவே ஒன்றினுள் மூன்று. திறந்து பார்த்துத் தெளிகின்றான். 3ய + 4 = ய + 10 என்பதை அவன் ஒரு விதியுமின்றித் தீர்த்துவிட்டான். ‘ய’ என்பது பெட்டியன்று, அதனுள்ளிருக்கும் போளைகளின் எண்ணிக்கை என்பதை ஈண்டு வற்புறுத்துதல் அவசியம்.

அடுத்து, அச்செயலைக் கொப்பியிற் படமாக வரையச் செய்து, அதன்பின்னரே குறியீட்டால் எழுதுவித்தல் நன்று. செயல், உருவம், குறியீடு என்னும் இம்மூன்று படிகளை ஜெறோம் புறூணர் 1966 இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கியுள்ளார்.

எனினும் தராசுக்கும் எல்லையுண்டு. 2ய + 9 = 3 என்பதை அதில் நிறுக்க இயலாது; மறையெண் கொண்ட பெட்டி உலகில் இல்லை. இதற்கு முற்றத்தில் வரைந்த எண்கோடு உதவும். பூச்சியத்தினின்று இரு சமமான பாய்ச்சல்களின்பின் ஒன்பது அடி முன்னே நடந்தவன் 3 இல் நிற்கின்றான். ஒன்பதடி மீண்டால் –6. ஆகவே ஒவ்வொரு பாய்ச்சலும் பின்னோக்கிய மூன்றடி.

சமன்பாடு எங்ஙனம் பிறக்கின்றது என்பதைக் காட்ட ஈர்க்குத் துண்டுகள் போதுமானவை. ஒரு சதுரத்துக்கு 4 துண்டுகள், பக்கம் பொருந்த அடுக்கிய இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10, ய சதுரங்களுக்கு 3ய + 1. முப்பத்தொரு துண்டுகளால் எத்தனை சதுரங்கள் ஆகும் என்ற வினாவே சமன்பாடாகின்றது, விடை 10. இவ்வெண்களை வரைபுத்தாளிற் குறித்தாற் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அமைதலையும் காணலாம்.

பரீட்சை நெருங்குகையில் இவற்றுக்கு நேரமேது என வினவுவோர் உளர். தொடக்கத்தில் இரண்டு பாடவேளைகளைச் செலவிடின், பின்னர் அதே பிழையைத் திருத்துவதிற் கழியும் பல பாடவேளைகள் மிஞ்சும். தராசு என்றும் மேசையில் இருத்தல் வேண்டுமென்பதன்று. பின்னங்களும் பெரிய எண்களும் வரும்போது அது தானே விலகும். விலகியபின்னும் சமக்குறியைக் காணுந்தோறும் இரு தட்டுகள் மாணாக்கன் மனக்கண்ணில் நிற்குமாயின், ஆசிரியர் கருதிய பயன் கைகூடியதாகும்.