சுழியோடக் கற்பவர் முதலில் எதை வாங்க வேண்டும்?

நிலாவெளிக் கரையில் நின்றால் புறாத்தீவு கண்ணுக்குத் தெரியும். 2003ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்தத் தீவைச் சுற்றியுள்ள முருகைக்கற்களையும் மீன்களையும் பார்ப்பதற்கென்றே பல நாட்டவர்கள் வந்து போகிறார்கள். இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த எங்களில் பலர் அவற்றைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். இப்போது நிலைமை கொஞ்சம் மாறி வருகிறது. படகோட்டும் இளைஞர்கள் சுழியோடப் பழகி வழிகாட்டிகளாக வேலை பார்க்க விரும்புகிறார்கள். என் நானாவும் அவர்களில் ஒருவர். சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றி இறக்கி அவர் சேர்த்த பணம் ஒன்றேகால் இலட்சம் ரூபா. அதை வைத்து எதை வாங்குவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒரு மாதம் ஓடியது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவள் என்பதால் கணக்குப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போது தேடி அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முகத்துக்கும் காலுக்கும் பொருந்த வேண்டியவற்றை வாங்க வேண்டும், மூச்சோடு தொடர்புடையவற்றை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பதுதான் நான் கண்ட விடை. காரணம் புரிய வேண்டுமானால் முதலில் அமுக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கடல் மட்டத்தில் எம்மீது ஒரு வளிமண்டல அமுக்கம் இருக்கிறது. கடலுக்குள் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் இன்னுமொரு வளிமண்டலம் சேரும். 10 மீற்றரில் இரண்டு, 20 மீற்றரில் மூன்று. போயிலின் விதிப்படி அமுக்கம் இரட்டித்தால் வாயுவின் கனவளவு பாதியாகும். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குபவரின் நுரையீரல் சுருங்கும்; மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஆனால் 10 மீற்றர் ஆழத்தில் சிலிண்டர் வளியை நெஞ்சு நிறைய இழுத்து, அதை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் அந்த வளி இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலுக்கு அந்த இடம் கிடையாது. ஸ்கூபாவில் மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது என்பது முதல் பாடமாக இருப்பது இதனால்தான்.

சிலிண்டருக்குள் வளி சுமார் 200 வளிமண்டல அமுக்கத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதை நேரடியாக வாயில் எடுக்க முடியாது. நாம் இருக்கும் ஆழத்தின் அமுக்கத்துக்குக் குறைத்து, நாம் இழுக்கும்போது மட்டும் தருகின்ற கருவிதான் ரெகுலேட்டர். சமையலறைக் காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான், ஆனால் அதற்கு ஆழம் மாறுவதில்லை. 1943இல் பிரான்சில் ஜக் கூஸ்தோவும் எமில் கன்யான் என்ற பொறியியலாளரும் இதைச் சுழியோடுவதற்கேற்ப அமைத்தார்கள். கன்யான் அதற்கு முன் செய்துகொண்டிருந்தது, யுத்தகாலப் பெற்றோல் தட்டுப்பாட்டில் கார்களை வாயுவில் ஓட்டுவதற்கான வால்வு. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற எமக்கு இந்தச் செய்தி கொஞ்சம் ஆறுதல் தரலாம்.

இனி வாங்கும் விடயம். ஒவ்வொரு பொருளைப் பார்க்கும்போதும் 'இது கடலுக்குள் பழுதானால் எனக்கு என்ன நடக்கும்?' என்று ஒரு கேள்வி கேட்டேன். காலில் மாட்டும் ஃபின்ஸ் கழன்றால் மெதுவாக நீந்தலாம். வெட்சூட் கிழிந்தால் கொஞ்சம் குளிரும். ரெகுலேட்டர் பழுதானால் அடுத்த மூச்சே கேள்விக்குறியாகும். முதல் வகையில் மலிவையும் பழையதையும் தேடலாம். இரண்டாம் வகையில் தேடக்கூடாது.

மாஸ்க்தான் முதலில் வாங்க வேண்டியது. நீச்சல் குளத்தில் அணியும் கண்ணாடி இதற்கு உதவாது. ஆழம் போகப்போக அதற்குள் இருக்கும் வளி சுருங்கிக் கண்ணை வெளியே இழுக்கும். மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுவதால், மூக்கால் கொஞ்சம் வளியை உள்ளே விட்டு அமுக்கத்தைச் சமப்படுத்தலாம். காது அடைக்கும்போது மூக்கைப் பிடித்து ஊத வேண்டும், ஆகவே மூக்குப் பகுதி விரலால் பிடிக்கக்கூடிய மென்மையோடு இருக்க வேண்டும். கண்ணாடி வன்மையாக்கப்பட்டதாகவும் ஓரம் பிளாஸ்டிக்காக அல்லாமல் சிலிக்கோனாகவும் இருப்பது அவசியம்.

விலையைவிடப் பொருத்தம் முக்கியம். பட்டியை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக வளியை உள்ளே இழுங்கள். கையை எடுத்த பிறகும் மாஸ்க் விழாமல் நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. இன்னொருவருக்குப் பொருந்திய விலையுயர்ந்த மாஸ்க் உங்களுக்கு ஒழுகலாம். ஆகவே இதைப் படம் பார்த்து வாங்காமல் கடையில் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். 30 முதல் 60 டொலர் வரையான மாஸ்க்குகளே தொடக்கநிலையில் தாராளமாகப் போதும். புதிய மாஸ்க்கின் கண்ணாடியில் உற்பத்தியின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். அதைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் நீருக்குள் புகார் படிந்துகொண்டே இருக்கும்.

என்னைப் போல மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் இரண்டு தனிக் கண்ணாடிகள் உள்ள மாஸ்க்கைப் பார்க்க வேண்டும். அவற்றில் சில வகைகளுக்குப் பார்வை வில்லைகளை மாற்றிப் பொருத்தலாம். மூக்குக்கண்ணாடியை உள்ளே போட்டுக்கொண்டு மாஸ்க் அணிய முடியாது, அதன் கைகள் ஓரத்தைத் தூக்கிவிடும். நீரின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ மூன்றில் நான்கு என்பதால் பொருட்கள் கிட்டவாகவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும். பாடப்புத்தகத்தில் நாணயத்தைக் கிண்ணத்தில் போட்டுப் படித்தது இங்கே மீனுக்குப் பொருந்துகிறது.

எங்களுக்கென்று ஒரு விடயம் இருக்கிறது. மாஸ்க் ஓரத்துக்குக் கீழே ஒரு மயிரிழை அகப்பட்டாலும் அந்த வழியாகத் தண்ணீர் நுழையும். ஆகவே தலையை மூடுவது எமக்கு இங்கே தடையல்ல, வசதி. சுழியோடிகள் அணியும் நியோப்பிரீன் தலையுறை அல்லது இறுக்கமான நீச்சல் ஹிஜாப் முடி முழுவதையும் உள்ளே வைத்திருக்கும். ஆனால் அதன் விளிம்பும் மாஸ்க் ஓரத்துக்குள் வரக்கூடாது. ஆண்களுக்கு ஒழுகுவது பெரும்பாலும் மீசையால். மாஸ்க்கின் கீழ் ஓரம் மேலுதட்டில்தான் உட்காரும், தாடி அதற்கு வெளியே இருக்கும். மீசையைக் கத்தரித்துத் தாடியை வைத்திருக்கும் வாப்பா இதைக் கேட்டு மிகவும் மகிழ்ந்தார்.

உடையைப் பொறுத்தவரை எமது கடல் பெரும்பாலும் 27 பாகைக்கு மேல் இருப்பதால் 3 மில்லிமீற்றர் வெட்சூட் போதும். வெதுவெதுப்பான நீர் என்று அலட்சியம் செய்யவும் முடியாது. வளியைவிட நீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடற்சூட்டை எடுத்துச் செல்லும். வெட்சூட்டைப் பழையதாகவே வாங்கலாம். அது கையிலிருந்து கணுக்கால் வரை மூடினாலும் உடலோடு ஒட்டியிருக்கும் என்பதால் சிலர் மேலே ஒரு சட்டை அணிய விரும்புவார்கள். அணியலாம், ஆனால் அது குட்டையாக இருக்க வேண்டும். இடுப்பில் கட்டும் ஈயப் பட்டியின் கொளுவியை அது மூடவே கூடாது. அவசரத்தில் ஒரே இழுப்பில் கழற்றி எறிய வேண்டியது அந்தப் பட்டிதான். பெண் பயிற்றுநர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுப் பதிவுசெய்வது நல்லது.

ஃபின்ஸில் இரண்டு வகை உண்டு. குதிகால் திறந்த வகைக்குத் தனியாகச் சப்பாத்தும் வாங்க வேண்டும். படகிலிருந்தே இறங்கும் எமது பகுதிக்குப் பாதம் முழுவதையும் மூடும் மலிவான வகை போதுமானது. விரல்கள் நசுங்காமலும் குதிகால் வழுக்காமலும் இருக்கிறதா என்று பாருங்கள். நீளமும் விறைப்பும் கூடினால் வேகம் கூடும் என்று நினைத்து வாங்குபவர்களுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஸ்நோர்கல் சாதாரணமானதே போதும். ஒரு விசிலும், நீருக்கடியிலிருந்து ஊதி மேலே அனுப்பும் செம்மஞ்சள் நிற மிதவையும் அதிகம் விலையில்லை. படகுகள் பறக்கும் கடலில் அவற்றை நான் அலங்காரமாகக் கருதமாட்டேன்.

நானாவிடம் ஒருவர் பேசிய விலை இதற்கு நேர்மாறானது. பழைய ரெகுலேட்டர், மிதப்பைக் கட்டுப்படுத்தும் பி.சி.டி. எனப்படும் மேலங்கி, ஒரு சிலிண்டர், எல்லாம் சேர்த்து ஓர் இலட்சம். புதிய ரெகுலேட்டர் தொகுதி மட்டுமே 300 டொலருக்கு மேல் போகும் என்பதால் கேட்டவுடன் மலிவாகத்தான் தோன்றும். ஆனால் ரெகுலேட்டரை ஆண்டுதோறும் அல்லது உற்பத்தியாளர் சொல்லும் கால எல்லைக்குள் கழற்றி, உள்ளே இருக்கும் இறப்பர் வளையங்களை மாற்ற வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற திருத்துநர் எல்லா ஊரிலும் இல்லை. பழைய வகைகளுக்கு உதிரிப்பாகமும் இலகுவில் கிடைக்காது. சிலிண்டரை ஆண்டுதோறும் உள்ளே திறந்து பார்க்க வேண்டும், சில ஆண்டுகளுக்கொரு முறை நீரமுக்கச் சோதனையும் செய்ய வேண்டும். இந்தச் செலவுகள் அந்த ஓர் இலட்சத்துக்குள் இல்லை.

நானா அதைக் கொண்டுவந்து காட்டினார். சிலிண்டரில் பொருந்தும் வாயிலுக்குள் சிறிய உலோக வடிகட்டி ஒன்று தெரியும். அது பச்சை பூத்திருந்தது. உப்புநீர் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். குழாயின் முனையில் இருந்த இறப்பர் உறையை விலக்கிப் பார்த்தால் அடியில் வெடிப்புகள். விற்பவர் வடிகட்டியைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தரலாம், உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கும்.

அதைவிடப் பெரிய குறை, அந்தத் தொகுதியில் டைவ் கம்பியூட்டர் இல்லாதது. மாமா இதைத்தான் முதலில் கேட்டார். அவர் பல வருடம் கடலட்டைக்குச் சுழியோடியவர். ஒரே நாளில் மூன்று நான்கு சிலிண்டர் முடியும்வரை இறங்குவார்கள். ஆழத்தையோ நேரத்தையோ கணக்கிட எதுவுமில்லை, வளி முடிந்தால் மேலே வருவதுதான் கணக்கு. அமுக்கம் கூடும்போது வளியிலுள்ள நைதரசன் உடலில் கரைந்து சேர்கிறது. மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியேறும். வேகமாக ஏறினால், சோடாப் போத்தலைத் திறந்தது போல உடலுக்குள்ளேயே குமிழிகளாகும். "படகுல ஏறி இருந்தன் மகள், எழும்பப் பார்த்தா ரெண்டு காலும் என்ட கால் இல்ல" என்று மாமா சொல்வார். இன்று அவர் பொல்லூன்றி நடக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், நடக்கிறார்.

கையில் கட்டும் அந்தச் சிறு கம்பியூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று காட்டும். வேகமாக ஏறினால் ஒலியெழுப்பும். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீற்றரில் 3 நிமிடம் தரித்து வரும் வழக்கத்தை இது இலகுவாக்குகிறது. 200 டொலர் அளவில் தொடக்கநிலைக் கம்பியூட்டர்கள் கிடைக்கின்றன. ரெகுலேட்டருக்கு முன்னர் இதை வாங்க வேண்டும் என்பது என் கருத்து. பணம் போதாவிட்டால் இதையும் வாடகைக்குக் கேட்கலாம்.

வாடகைக்கு எடுப்பதென்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதல்ல. கடைசியாக எப்போது சேர்விஸ் செய்தீர்கள் என்று கேளுங்கள். சிலிண்டரின் தோளில் பொறித்த சோதனைத் திகதியைப் பாருங்கள். அமுக்கமானி 200ஐ அண்மித்துக் காட்ட வேண்டும், மூச்சிழுக்கும்போது அதன் முள் துள்ளக்கூடாது. வளிக்கு மணமோ சுவையோ இருக்கவே கூடாது. புகையோ எண்ணெயோ மணத்தால், வளி நிரப்பும் இயந்திரம் தன் புகையையே உள்ளே இழுத்திருக்கலாம். அந்தச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. தண்ணீர்ப் போத்தல் அளவிலான சின்னச் சிலிண்டர்களை, கைப்பம்பால் நிரப்பலாம் என்று இணையத்தில் விற்கிறார்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி அதன் விளம்பரத்தைக் காட்டினாள். அரை லீற்றர் சிலிண்டரில் 200 மடங்கு அமுக்கினால் 100 லீற்றர் வளி. ஒருவர் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசித்தால் 10 மீற்றரில் 40 லீற்றர் தேவை. இரண்டரை நிமிடம்! இறங்கி ஏறவே இரண்டு நிமிடம் போய்விடும். வழமையான 11 லீற்றர் சிலிண்டரில் 2200 லீற்றர் இருக்கும். கால்வாசியை அவசரத்துக்கு ஒதுக்கினாலும் அதே ஆழத்தில் 40 நிமிடம் இருக்கலாம். நேரம் குறைவு என்பதைவிட, பயிற்சியில்லாத ஒருவர் வளி முடிந்த பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வார் என்பதே எனக்குப் பயம்.

பெரும்பாலான பயிற்சி நிலையங்களில் ரெகுலேட்டர், பி.சி.டி., சிலிண்டர், வெட்சூட் எல்லாம் பாடநெறிக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும். 18 மீற்றர் வரை இறங்க அனுமதிக்கும் அடிப்படைச் சான்றிதழை 15 வயதிலிருந்தே பெறலாம். நானா பழைய தொகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாஸ்க், ஸ்நோர்கல், ஃபின்ஸ், மிதவை ஆகியவற்றை வாங்கினார். மிச்சப் பணத்தைப் பாடநெறிக்கென்று எடுத்து வைத்திருக்கிறார், இன்னும் கொஞ்சம் சேர வேண்டும். கிழக்கில் கடல் தெளிவது மே மாதமளவில், அதற்குள் சேர்ந்துவிடும், இன்ஷா அல்லாஹ். மாஸ்க்கை உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்கச் சொல்லியிருக்கிறேன். வெயிலில் கிடந்தால் சிலிக்கோன் மஞ்சளாகிவிடும். உம்மாவின் அலுமாரிக்குள் ஒரு தட்டு இப்போது அதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.