ஒரு பையின் ஆயுள் எவ்வளவு?

மாலை நேரம். அம்மா உங்களை மூலைக் கடைக்கு அனுப்புகிறார். அரைக் கிலோ தக்காளி, கொஞ்சம் பச்சை மிளகாய் வாங்க வேண்டும். நீங்கள் கையை வீசிக்கொண்டு போகிறீர்கள். கடைக்காரர் தக்காளியை ஒரு மெல்லிய பாலிதீன் பையில் போட்டுத் தருகிறார். வீட்டுக்கு வந்ததும் தக்காளி கூடைக்குப் போகிறது. பை குப்பைக்குப் போகிறது. அந்தப் பை வேலை செய்த நேரம் எவ்வளவு? மிஞ்சிப் போனால் 10 நிமிடம்!

10 நிமிட வேலைக்காக வந்த அந்தப் பை, அதன் பிறகு எவ்வளவு காலம் இருக்கும்? உங்கள் தலை நரைக்கும் காலத்திலும் அது எங்கேயாவது மண்ணுக்கடியில் கிடக்கக்கூடும். ஏன் இப்படி? இதைப் புரிந்துகொள்ள, பாலிதீன் பிறந்த கதையை முதலில் பார்ப்போம்.

தற்செயலாகக் கிடைத்த மெழுகு

1933-ஆம் ஆண்டு மார்ச் மாதம். இங்கிலாந்தில் நார்த்விச் என்னும் ஊரில் இருந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடம். எரிக் ஃபாசெட், ரெஜினால்டு கிப்சன் என்ற இரு விஞ்ஞானிகள் எத்திலீன் வாயுவை வேறொரு பொருளுடன் சேர்த்து, மிக அதிக அழுத்தத்தில் சூடாக்கிப் பார்த்தார்கள். அவர்கள் எதிர்பார்த்த வினை நடக்கவில்லை. ஆனால் கலத்தைத் திறந்தபோது, அதில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒன்று ஒட்டியிருந்தது. அதுதான் பாலிதீன்.

எத்திலீன் மிகச் சிறிய மூலக்கூறு. அதில் 2 கார்பன் அணுக்கள், 4 ஹைட்ரஜன் அணுக்கள். பூக்கட்டுபவர் ஒவ்வொரு பூவாக எடுத்துச் சரம் தொடுப்பது போல, ஆயிரக்கணக்கான எத்திலீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீளமான சங்கிலியாகின்றன. இந்தச் சங்கிலிகள் நெருக்கமாகப் படுத்துக்கிடப்பதுதான் பாலிதீன் தாள். நீர் புகாது, எடையோ மிகக் குறைவு. 5 கிராம் எடையுள்ள ஒரு பை 5 கிலோ சாமானைத் தாங்குகிறது. அதாவது, தன் எடையைப் போல 1000 மடங்கு! மனிதரால் முடியுமா?

பனியனைப் போல இரண்டு கைப்பிடி வைத்த பையைச் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் 1960-களின் தொடக்கத்தில் வடிவமைத்தார். பாலிதீன் நல்ல பொருள்தான். அதனால்தான் அது உலகம் முழுவதும் பரவியது. சிக்கல் எங்கே வந்தது?

நுண்ணுயிரிகள் தொடாத சங்கிலி

வாழையிலையைக் குப்பையில் போட்டால் சில வாரங்களில் மட்கிவிடுகிறது. மண்ணில் வாழும் பாக்டீரியாவும் பூஞ்சையும் நொதிகளைச் சுரந்து, இலையிலுள்ள பெரிய மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக வெட்டி உண்கின்றன. நொதியை ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இலைக்கு ஏற்ற சாவிகளை நுண்ணுயிரிகள் பல கோடி ஆண்டுகளாக வைத்திருக்கின்றன. பாலிதீனோ இன்னும் 100 வயதுகூட ஆகாத புதுப் பூட்டு. அதை எளிதில் திறக்கும் சாவி மண்ணில் இல்லை.

"வெயிலில் கிடந்த பை பொடிந்து போகிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் சங்கிலிகளை அங்கங்கே அறுக்கின்றன. பை நொறுங்குகிறது. ஆனால் ஒவ்வொரு பொடியும் பாலிதீன்தான். முன்பு ஒரு பையாகக் கிடந்தது. இப்போது கையால் பொறுக்கவே முடியாத ஆயிரம் துகள்களாகக் கிடக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

சாக்கடையும் பசுவின் வயிறும்

பாலிதீன் நீரைவிட இலேசானது, மிதக்கும். மழைநீரோடு மிதந்து போய்ச் சாக்கடைக் கம்பிகளில் படிந்து, தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடும். வங்காள தேசத்தில் 1988-லும் 1998-லும் பெருவெள்ளம் வந்தபோது, வடிகால்களை அடைத்திருந்த பைகளால் தண்ணீர் வடியாமல் நின்றது. 2002-ஆம் ஆண்டில் அந்நாடு மெல்லிய பாலிதீன் பைகளைத் தடை செய்தது. இப்படிச் செய்த முதல் நாடு அதுவே.

தெருவில் மேயும் பசுவைக் கவனித்திருக்கிறீர்களா? ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். பசுவோ நாக்கைச் சுழற்றி வளைத்து, அதிகம் மெல்லாமல் விழுங்கிவிடும். பிறகுதான் அசை போடும். பைக்குள் மீந்துபோன சோறு இருந்தால் பசு பையோடு சேர்த்தே விழுங்கும். வைக்கோலைச் செரிக்க உதவும் நுண்ணுயிரிகள் அதன் முதல் இரைப்பையில் உண்டு. ஆனால் அவற்றாலும் பாலிதீனை ஒன்றும் செய்ய முடியாது. பைகள் அங்கேயே தங்கிப் பந்தாகத் திரளும். இரைப்பை நிறைந்திருப்பதால் பசு தீனி எடுக்காது, மெலிந்துபோகும். 2019-இல் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவை அறுவை செய்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். நாம் 10 நிமிடம் பயன்படுத்திய பைகள்தாம் அவை.

துணிப்பை போடும் கணக்கு

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. ஒரு காலத்தில் மஞ்சள் பை வைத்திருப்பவரைப் பட்டிக்காட்டார் என்று கேலி செய்தார்கள். இன்று அந்தப் பைக்கு மதிப்பு வந்திருக்கிறது. ஆனால் துணிப்பை வாங்கிவிட்டால் மட்டும் போதுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பருத்தி சும்மா விளைவதில்லை. நீர், உரம், பூச்சிமருந்து வேண்டும். நூற்கவும் நெய்யவும் மின்சாரம் வேண்டும். துணிப்பை பாலிதீன் பையைவிடப் பல மடங்கு கனமானதும்கூட. 2011-இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் துறை ஓர் ஆய்வை வெளியிட்டது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களை மட்டும் கணக்கில் எடுத்தால், புதிய பருத்திப் பை ஒன்றை 131 முறை பயன்படுத்திய பிறகுதான் அது ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட மேலானதாகிறது என்று அதில் கண்டார்கள்.

வாரம் இரு முறை கடைக்குப் போனால் 131 முறைக்கு எவ்வளவு நாள் ஆகும்? ஏறக்குறைய 1 வருடம் 3 மாதம். நல்ல துணிப்பை அதற்கு மேலும் உழைக்கும். அப்படியானால் கணக்கு நமக்குச் சாதகமே. சாக்கடையையும் பசுவையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் கடைக்குப் போகும்போதெல்லாம் பையை மறந்துவிட்டு, புதிது புதிதாகத் துணிப்பை வாங்கி அலமாரியில் அடுக்கினால்? லாபம் ஏதும் இல்லை. ஒரு பை எதனால் ஆனது என்பதோடு, எத்தனை முறை பயன்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாட்டியின் பழைய புடவையிலோ, அப்பாவின் பழைய வேட்டியிலோ தைத்த பை இன்னும் சிறந்தது. அந்தத் துணிக்கு வேண்டிய செலவு முன்பே முடிந்துவிட்டது அல்லவா?

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பூந்தொட்டியில் வாழையிலை, செய்தித்தாள், பருத்தித் துணி, பாலிதீன் ஆகியவற்றில் ஒவ்வொரு துண்டைப் புதைத்து, ஈரம் காயாமல் நீர் ஊற்றி வாருங்கள். 2 மாதம் கழித்துத் தோண்டி எடுத்து, எது எப்படி மாறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சில ஜவுளிக் கடைகளில் தரும் வண்ணப் பைகள் துணி போலவே தோன்றும். ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக நூல் வருகிறதா? வராமல் பஞ்சு போலப் பிய்ந்தால், அது நெய்த துணி அல்ல. அநேகமாகப் பிளாஸ்டிக் இழைகளை அழுத்திச் செய்ததாக இருக்கும்.

மூன்றாவது சோதனை உங்கள் நினைவாற்றலுக்கு. ஒரு துணிப்பையை மடித்துச் செருப்பு விடும் இடத்துக்கு மேலே ஆணியில் மாட்டுங்கள். மற்றொன்றை சைக்கிளில் வையுங்கள். இட்லி மாவு வாங்கத் தூக்குவாளி எடுத்துச் செல்லுங்கள். கடைக்குப் போய் வரும் ஒவ்வொரு முறையும் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். 131-ஆவது கோட்டை எந்தத் தேதியில் போடுகிறீர்கள், பார்க்கலாம்!