எண்ணமும் தொடக்கமும்

நல்ல எண்ணங்கள் பலருக்கும் தோன்றுகின்றன. அவற்றைச் செயலாக்க முற்படுவோர் சிலரே. இதற்குச் சோம்பலே காரணம் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், ஊக்கமும் அறிவும் மிக்கவர்களும் தயங்கி நிற்பதுண்டு. சிறு குறையுமின்றிச் செய்ய வேண்டும் என்னும் ஆசையே அவர்களைத் தொடங்கவொட்டாமல் தடுக்கிறது.

சார்லஸ் டார்வினின் வரலாற்றை நோக்குவோம். 1836-இல் கடற்பயணம் முடித்து இங்கிலாந்துக்குத் திரும்பிய அவர், 1838-இல் இயற்கைத் தேர்வு என்னும் கருத்தை அடைந்துவிட்டார். 1842-இல் அதனைச் சுருக்கமாகவும், 1844-இல் விரிவாகவும் எழுதினார். தாம் இறக்க நேர்ந்தால் அதனை வெளியிட வேண்டுமென்று மனைவிக்குக் கடிதமும் எழுதி வைத்தார். ஆயினும் தாமாக வெளியிடவில்லை. மேலும் சான்று திரட்டும் ஆர்வம், எதிர்ப்பு எழுமோ என்ற அச்சம், உடல்நலக் குறைவு எனக் காரணங்கள் பல கூறுவர். கடற்பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிரை ஆராய்வதில் மட்டும் எட்டாண்டுகள் சென்றன.

அவ்வாராய்ச்சி வீணென்று கூறுவதற்கில்லை. அவருடைய அறிவுக்கு அது உரமாயிற்று. எனினும், கருத்துப் பிறந்து இருபது ஆண்டுகளாகியும் உலகம் அதனை அறியவில்லை. 1858-இல் மலாய்த் தீவுகளிலிருந்து ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அனுப்பிய கட்டுரையில் அதே கருத்தைக் கண்டு டார்வின் திடுக்கிட்டார். அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் இருவருடைய எழுத்துகளும் ஒருங்கே படிக்கப்பட்டன. அதன்பின் டார்வின், தாம் எழுதிவந்த பெருநூலை ஒதுக்கி வைத்துவிட்டு, சுருக்கமான நூலொன்றை எழுதலானார். 'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பரில் வெளிவந்தது.

நூல் வெளிவந்ததோடு திருத்தம் நின்றுவிடவில்லை. பிழை நீக்கியும், மறுப்புகளுக்கு விடை கூறியும் 1872-க்குள் ஆறு பதிப்புகளை அவர் வெளியிட்டார். அந்த மறுப்புகள் நூலைப் படித்தவர்களிடமிருந்து வந்தவை. தனியறையில் எத்துணைக் காலம் சிந்தித்திருந்தாலும் அவை முழுவதும் கிட்டியிரா.

சிந்திப்பது தவறன்று, சிந்தனைக்கு எல்லை வகுக்காமையே தவறு. பாலம் கட்டுவோரும் மருந்து கலப்போரும் முன்கூட்டியே முழுமை தேட வேண்டியவர்கள். அங்கே பிழை உயிரைக் குடிக்கும். ஆனால், கட்டுரை எழுதுதல், புதிய தொழில் பயிலுதல், ஊரில் படிப்பகம் அமைத்தல் போன்றவை பின்னர்த் திருத்திக்கொள்ளத் தக்கவை. இத்தகைய செயல்களில், இன்னும் தேடுவதால் நம் முடிவு மாறுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாறுமாயின் தேடலாம். மாறாதெனின், நாள் ஒன்று குறித்து, இயன்ற சிறு பகுதியை அன்றே தொடங்கிவிடுவதே அறிவுடைமை.