'டு'வுக்கும் வினைக்கும் நடுவில்

ஒர்க்‌ஷாப்பில் லேத்தின் பெட்டை மட்டும் துடைத்து, கீழே சிப்ஸை அப்படியே விட்டுப் போனதற்காக நான் ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தேன். 'ஐ ஃபர்காட் கம்ப்ளீட்லி டு க்ளீன் த லேத்.' சார் படித்துவிட்டு, "துடைக்கணும்கிறதே சுத்தமா மறந்துபோச்சா?" என்றார். ஒரு வாரம் எல்லா லேத்தையும் நானே துடைத்தேன்.

மயிலாப்பூரில் இருக்கும் தாத்தா பழைய ஆங்கில வாத்தியார். கடிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "'ஃபர்காட்' பக்கத்துல வெச்சா மறதிதான்டா முழுசு. 'டு கம்ப்ளீட்லி க்ளீன்'னு எழுதியிருந்தா, துடைச்சது அரைகுறைன்னு புரிஞ்சிருக்கும்."

"'டு'வைப் பிரிக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே தாத்தா?"

1864-ல் கேன்டர்பரி டீன் ஹென்றி ஆல்ஃபோர்டு, அப்படி யாரும் பேசுவதே இல்லை என்று கண்டித்தாராம். ஆனால் 1926-ல் ஃபௌலர், பொருள் குழம்புவதைவிடப் பிரிப்பதே மேல் என்று எழுதிவிட்டார். (1966-ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் முகவுரையிலேயே 'டு'வுக்கும் 'கோ'வுக்கும் நடுவில் ஒரு சொல் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது!)

தமிழில் 'துடைக்க' ஒரே சொல், பிரிக்க இடமில்லை. 'முழுசா துடைக்க மறந்துட்டேன்', 'துடைக்க முழுசா மறந்துட்டேன்' – அடை தன் வினைக்கு முன்னால் நின்றுவிடும். ஆங்கிலத்தில் அந்த 'டு' குறுக்கே வருவதால்தான் நமக்குத் தடுமாற்றம்.

பரீட்சையில் பயமாக இருந்தால், 'டு க்ளீன் த லேத் கம்ப்ளீட்லி' என்று கடைசியில் வைக்கலாம். 'டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்' போன்ற இடத்தில் அது காதுக்கு இடறும். அங்கே தைரியமாக நடுவிலேயே வையுங்கள்.