குதிரையேறும் பழக்கம்

1931-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீதும் தேவேந்திரகுல வேளாளர்கள் மீதும் ஆதிக்கச் சாதியினர் 11 தடைகளைச் சுமத்தினார்கள். முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, தங்க நகை போடக்கூடாது, பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், பிள்ளைகள் படிக்கக்கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலின் கடைசித் தடை திருமணம் பற்றியது. தாலி கட்டுவதற்கு முன் குதிரையில் ஊர்வலம் போகும் பழக்கத்தை நிறுத்திவிட வேண்டும். பல்லக்கு வேண்டுமானால் வீட்டுக் கதவைத்தான் பயன்படுத்த வேண்டும். எதற்காகவும் எந்த வாகனத்திலும் ஏறக்கூடாது. அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே.எச்.ஹட்டன், இந்தியச் சாதிகள் பற்றி எழுதிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அதில் ‘பழக்கம்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இல்லாத ஒன்றுக்கு யாரும் தடை போடுவதில்லை. நம் மக்கள் குதிரையேறிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இறங்கச் சொன்னார்கள். எழுத்துக்கும் குதிரைக்கும் ஒரே பட்டியலில் தடை வந்ததும் தற்செயல் அல்ல. இரண்டுமே ஒருவரைப் பிறர் கண்ணுக்கு உயர்த்திக் காட்டுபவை. ஒரு கத்தியவார் குதிரையின் முதுகு தரையிலிருந்து ஏறத்தாழ நாலே முக்கால் அடி உயரம். அதன்மேல் உட்கார்ந்தவரைத் தெருவில் நிற்கும் எவரும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

குதிரையோடு நமக்கு உறவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சேணம், கடிவாள வார், வயிற்று வார் எல்லாம் தோல். தோலைப் பதனிட்டு வார் அறுக்கிற வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பது சேலம், நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். கமலைக்குச் சால் தைத்துக் கொடுத்த அதே கைகள்தான். வெள்ளைக்காரத் துரைகளிடம் குதிரைக்காரர்களாகப் பறையர்கள் பலர் இருந்தார்கள். குதிரையைத் தேய்த்து, கொள்ளு வைத்து, துரை ஏறியதும் பக்கத்திலேயே ஓடினார்கள். தைப்பதற்கும் தேய்ப்பதற்கும் இருந்த உரிமை ஏறி உட்காருவதற்கு மட்டும் இல்லாமல் போனது.

இன்று ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரையும் சாரட் வண்டியும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு நம் பக்கத்து இளைஞர்கள் சங்ககிரி, பவானி வழியாகக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். குதிரையோடு படம் எடுத்துக்கொள்வதில் குறைவே இல்லை. அந்த விலங்கு எப்படி நடக்கிறது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. குதிரையேற்றத்தின் முதல் பாடமே அதுதான்.

நம் பழைய நிகண்டுகள் குதிரையின் கதியை ஐந்தாக வகுத்தன. மயில்போல் போவது மயூரகதி, குரங்குபோல் போவது வானரகதி என்று பெயர்கள் போகும். இன்றைய பயிற்சிக் கூடங்களில் நான்கைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்டால் அவை சீக்கிரம் பிடிபடும். பறை கற்கும் மாணவர்களுக்கு இது இன்னும் எளிது.

முதலாவது சாதாரண நடை. நாலு காலும் தனித்தனியாக விழும். காதில் சம இடைவெளியில் நாலு அடி. இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்று வரிசை. மணிக்கு ஆறேழு கிலோமீட்டர், அதாவது வேகமாக நடக்கும் மனிதரைவிடச் சற்றுக் கூட. இரண்டாவது ‘டிராட்’ என்கிற ஓட்டநடை. இதில் மூலைவாட்டில் இரண்டிரண்டு கால் ஒன்றாக விழும்; காதில் இரண்டு அடிதான். வண்டியில் பூட்டிய குதிரை சாலையில் ‘டக் டக்’ என்று போவது பெரும்பாலும் இந்த நடையில்தான். புதிதாக ஏறுபவருக்கு உடம்பு அதிகம் குலுங்குவதும் இதில்தான்.

மூன்றாவது ‘கேன்டர்’. ஒரு பின்கால் முதலில், அடுத்து மூலைவாட்டில் இரண்டு கால் ஒன்றாக, கடைசியில் ஒரு முன்கால் என மூன்று அடி. பிறகு ஒரு கணம் நாலு காலும் காற்றில். தொட்டில் ஆடுவதுபோல் இருக்கும். நாலாவதுக்கு நம் மொழியிலேயே பெயர் உண்டு: நாலுகால் பாய்ச்சல். மறுபடி நாலு அடி, ஆனால் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல்.

பாயும் குதிரையின் நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விடுகின்றனவா என்ற கேள்வி வெகுகாலம் தீராமல் இருந்தது. 1878-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடுபாதையோரம் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம்பிடித்தார். விடுகின்றன என்று தெரிந்தது. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல் முன்னும் பின்னும் கால் நீட்டியிருக்கும்போது அல்ல. நாலு காலும் வயிற்றுக்கடியில் கூடியிருக்கும்போது. நம் முனியப்பன் கோயில் குதிரைகளை அடுத்தமுறை பார்க்கும்போது கால்களைக் கவனியுங்கள்.

இந்த நாலுக்கும் வெளியே ஒரு நடை உண்டு. கத்தியவார், மார்வாரி இனக் குதிரைகள் சில, குலுக்கலே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதை ‘ரேவால்’ என்பார்கள். அந்தியூருக்கு வரும் வடநாட்டுக் குதிரைகளில் இந்த நடை உள்ளதற்குத் தனி மதிப்பு.

சரி, ஏறுவதற்கு வருவோம். குதிரையின் நேர் பின்னால் போகாதீர்கள். அங்கே அதற்குக் கண் தெரியாது, பயந்தால் உதைக்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் தெரியாது. பேசிக்கொண்டே இடது தோள் பக்கம் போங்கள். காது முன்னால் நிமிர்ந்திருந்தால் கவனிக்கிறது. பின்னால் ஒட்டிப் படுத்திருந்தால் கோபத்தில் இருக்கிறது, அன்றைக்கு விட்டுவிடுங்கள். வயிற்று வார் இறுக்கமா என்று பார்த்தபிறகுதான் ஏற வேண்டும். பல குதிரைகள் வார் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும். சிறிது நேரம் கழித்து வார் தளர்ந்திருக்கும்.

கால் வைக்கும் வளையத்துக்கு அங்கவடி என்று பெயர். பாதத்தின் முன்பகுதியை மட்டும் அதில் வைத்து, குதிகாலைத் தாழ்த்த வேண்டும். காலை முழுதாக நுழைத்தால் விழும்போது சிக்கிக்கொண்டு குதிரை இழுத்துப் போகும். குதிரையேற்ற விபத்துகளில் மிகக் கொடியது இதுதான். குதி வைத்த ஷூவும் ஹெல்மெட்டும் கட்டாயம். ரப்பர் செருப்போடு ஏறக்கூடாது. கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும். பார்வை குதிரையின் கழுத்தில் அல்ல, போகவேண்டிய இடத்தில். ஓட்டநடையில் ஒரு அடிக்கு எழுந்து மறு அடிக்கு உட்கார்ந்தால் குலுக்கல் பாதியாகும். சாதாரண நடையில் உடம்பு நிலைப்படும்வரை அடுத்ததற்குப் போகவேண்டாம். பாய்ச்சலைச் சினிமாவோடு விட்டுவிடலாம்.

கல்யாணக் குதிரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். மேளத்துக்குப் பழகியதா என்று கேளுங்கள். வார் கடைசிவரை குதிரைக்காரர் கையில் இருக்கட்டும். பக்கத்தில் பட்டாசு கூடாது. மாலை குதிரையின் கண்ணை மறைக்கக்கூடாது.

குதிரை மிரண்டால் பிடித்துக்கொள்ளலாம், மனிதர்கள் மறித்தால்? 2018 மார்ச் மாதம் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் 21 வயது தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை வைத்திருந்ததும் அதில் ஏறிப் போனதுமே காரணம் என்று அவருடைய தந்தை புகார் கொடுத்தார். அந்தியூரில் நாம் விலை கேட்கும் கத்தியவார் குதிரைக்குத் தாய்மண் அந்த நிலப்பகுதிதான். ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் தலித் மாப்பிள்ளைகள் போலீஸ் காவலோடு குதிரையேறும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது.

சட்டம் இதை மறைபொருளாகச் சொல்லவில்லை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவு குதிரையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. திருமண ஊர்வலம் போவதையோ, அதில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதையோ தடுப்பது குற்றம். பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், செருப்பும் புதுத்துணியும் அணிவதையும் தடுப்பதும் அதே வரியில் வருகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் தண்டனை. முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை, டி.எஸ்.பி. நிலை அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். மிரட்டல் வந்தால் 14566 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். ஊர்வலத்துக்கு முன்பே காவல் நிலையத்தில் எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்கிவைப்பது நல்லது. அன்றைக்குத் தகராறு வந்தால், முன்பே சொன்னோம் என்பதற்கு அந்த ரசீது சாட்சி.

இறங்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்தபிறகே இறங்க வேண்டும். ஒரு கால் மாட்டியிருக்க மறுகாலைத் தரையில் ஊன்றும்போதுதான் பலர் விழுகிறார்கள். இறங்கியதும் வயிற்று வாரைத் தளர்த்துங்கள். ஓடி வந்த குதிரையை உடனே கட்டிப்போடாமல், மூச்சு அடங்கும்வரை பத்து நிமிடம் கையில் பிடித்து நடக்க விடுங்கள். தண்ணீர் அப்போதே காட்டலாம். கொள்ளு மட்டும் உடம்புச் சூடு தணிந்த பிறகு.