படிப்பகம்

படிப்பகம் என்பது ஓர் ஊரிலோ தெருவிலோ வாழ்வோர் தாமே இடம் அமைத்து, நாளிதழ்களையும் நூல்களையும் பொதுவில் படித்து, அவற்றிலுள்ள சமூக, அரசியல் கருத்துக்களைப் பற்றி உரையாடும் இடமாகும். நூலகத்தில் அமைதி காத்தல் விதி. படிப்பகத்திலோ உரக்கப் படித்தலும் வாதிடுதலும் இயல்பானவை. 20ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் அரசியல் கருத்துக்கள் பரவியதில் படிப்பகங்களுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. இக்கட்டுரை காவிரிப் படுகையின் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தை (இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள்) எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பெயர்

படிப்பகம் என்னும் சொல் திராவிட இயக்கத்தினரால் பெரிதும் வழங்கப்பட்டது. வாசகசாலை, மன்றம் ஆகிய பெயர்களும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் இத்தகைய இடங்கள் வாசிகசாலை என்றும் சனசமூக நிலையம் என்றும் அழைக்கப்படுகின்றன.

பின்னணி

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே எழுத்தறிவு பெற்றிருந்தார். எனவே ஓர் இதழின் வீச்சு, அது எத்தனை படிகள் விற்றது என்பதைவிட, ஒரு படியை எத்தனை பேர் கேட்டனர் என்பதைப் பொறுத்தே அமைந்தது. ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்கலாம். குடி அரசு (1925), விடுதலை (1935), ஜனசக்தி (1937), திராவிட நாடு (1942) முதலிய இதழ்கள் இவ்வாறே எழுத்தறியாதவரையும் எட்டின. 1942இல் திருவாரூரில் மு. கருணாநிதி தொடங்கிய முரசொலி முதலில் துண்டறிக்கை வடிவிலேயே வெளிவந்தது.

பிற நாடுகளிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. 1792இல் தாமசு ஆர்டி என்னும் செருப்புத் தொழிலாளி இலண்டன் மதுக்கடை ஒன்றில் ஒரு சிலருடன் ஓர் அரசியல் உரையாடல் சங்கத்தைத் தொடங்கினார். அதன் வாரக் கட்டணம் ஒரு பென்னி மட்டுமே. அங்கு மதுக்கடை ஆற்றிய பணியைத் தமிழ்நாட்டில் தேநீர்க் கடையின் விசுப்பலகை ஆற்றியது எனலாம்.

நூல் வாசகரைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் எண்ணமும் இப்பகுதிக்குப் புதிதன்று. நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது.

செயல்படும் முறை

படிப்பகம் நடத்தப் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு கீற்றுக் கொட்டகை அல்லது ஒரு திண்ணை, சில பலகைகள், பலர் பங்கிட்டு வாங்கும் ஓரிரு இதழ்கள், தெளிவாகப் படிக்கும் ஒருவர் ஆகியவை போதும். பொதுவான நடைமுறை வருமாறு:

ஒருவர் செய்தியையோ தலையங்கத்தையோ உரக்கப் படிப்பார்.
கேட்போர் இடையில் நிறுத்தி, விளங்காத சொல்லுக்குப் பொருள் கேட்பர்.
படித்ததை ஊர் நிகழ்வுகளோடு ஒப்பிட்டு உரையாடுவர்.

இவற்றுள் இரண்டாவது இன்றியமையாதது. இடைமறித்துக் கேட்கும் உரிமை இல்லாவிடின் படிப்பகம் மற்றொரு மேடைப்பேச்சாக மாறிவிடும்.

யார் அமரலாம்?

படுகையின் வயல்களில் உழைத்த பண்ணையாட்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் ஊருக்குப் புறத்தே சேரிகளில் வாழ்ந்தனர். தேநீர்க் கடைகள் பலவற்றில் அவர்கள் பலகையில் அமர இயலாது. தேநீரும் தனிக் குவளையிலேயே தரப்பட்டது. இது இரட்டைக் குவளை முறை எனப்படுகிறது. வெளியே நின்றவருக்குச் செய்தி காதில் விழுந்திருக்கலாம். ஆயினும் இடைமறித்துக் கேட்கும் உரிமை பலகையில் அமர்ந்தவருக்கே இருந்தது.

எனவே பண்ணையாட்களிடையே இயக்கம் வளர, உரையாடல் சேரிக்கே செல்ல வேண்டியிருந்தது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பொதுவுடைமையாளர் பி. சீனிவாசராவ் 1943இல் தஞ்சை மாவட்டத்துக்கு வந்து, சேரிகளில் தங்கி விவசாயிகள் சங்கத்தைக் கட்டினார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாட்டில் சவுக்கடியும் சாணிப்பால் புகட்டலும் கைவிடப்பட்டன. 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் கூறும் கூலி எவ்வளவு என்பதை அறியாதவர் அதைக் கேட்டுப் பெற இயலாது. படித்துக் காட்ட ஒருவரும் கூடிக் கேட்க ஓர் இடமும் இங்கு வெறும் பொழுதுபோக்கல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

குறைபாடுகள்

படிப்பகங்கள் பெரும்பாலும் ஆண்களின் இடமாகவே இருந்தன. மாலையில் வீட்டுப்பணி சுமந்த பெண்களுக்கு, வயலில் நாற்று நட்டவர்களாயினும், அங்கு இடம் அரிது. தம் கட்சி இதழ்களை மட்டுமே வாங்கிய படிப்பகங்களில் மாற்றுக் கருத்து ஒலிக்கவில்லை. சாதி எதிர்ப்பைப் படித்தவர்களும் தம் தெருவில் அதைக் கடைப்பிடித்தார்களா என்பது தனிக் கேள்வி.

இன்றைய நிலை

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. அதன்வழி நூலக வரியில் இயங்கும் நூலகங்கள் பெருகின. எழுத்தறிவு உயர்ந்து, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 80 விழுக்காட்டை எட்டியது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் செய்தியை ஒவ்வொருவரிடமும் நேரே சேர்க்கின்றன. ஆதலால் பிறர் படிக்கக் கேட்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. எனினும் தேநீர்க் கடைகளில் ஒரே நாளிதழைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பலர் படிக்கும் வழக்கம் முற்றிலும் மறையவில்லை. செய்தியை அறிவதற்கு இன்று படிப்பகம் தேவைப்படாமல் இருக்கலாம். அறிந்ததைப் பற்றி அயலாரிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்க அத்தகைய ஓர் இடம் இன்றும் பயன்படும்.